ஜாம் போத்தல் விளக்கும் கடைசி மின்குமிழும்

சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, வலிகாமத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் குசினியில் எஞ்சியிருந்த ஒரேயொரு பழைய மின்குமிழும் கழற்றப்பட்டது. வயரிங் வேலைக்கு வந்த இளைஞன் கதிரையின் மேல் ஏறி, புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து கறுத்துப் போயிருந்த அந்த நாற்பது வாற் குமிழை மெல்லத் திருகி எடுத்தான். அது அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஓர் ஒன்பது வாற் எல்.ஈ.டி. குமிழ் அந்த இடத்துக்கு வந்தது. குசினியின் சுவர் எவ்வளவு அழுக்காக இருந்தது என்பதை நாங்கள் எல்லோரும் அன்றுதான் கண்டோம்.

"ஐயா, இதை எறியட்டோ?" என்று அவன் கேட்டான்.

நான் பதில் சொல்வதற்கு முன் அக்கா கையை நீட்டினார். "எறியாதை தம்பி, இங்கை கொண்டா" என்று வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்து, அலுமாரியின் மேல் தட்டில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு ஜாம் போத்தல் இருந்தது. அந்தப் போத்தலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பத்திரிகைத் துறையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில், அரசாங்கங்கள் கவிழ்ந்ததையும் யுத்தங்கள் மூண்டதையும் எத்தனையோ தலைப்புகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டின் இரவு எவ்வாறு மாறியது என்பதை எழுதியதில்லை. செய்தி ஆசிரியர் அதைச் செய்தி என்று ஏற்றிருக்கவும் மாட்டார்.

இலங்கையில் மின்வெளிச்சம் கொழும்புக் கோட்டையில் தொடங்கியது. 1895 இல் பூஸ்ரட் சகோதரர்கள் என்ற ஆங்கிலேய வணிக நிறுவனத்தினர் பிறிஸ்ரல் கட்டடத்தில் ஒரு சிறு மின்பிறப்பாக்கியை நிறுவி, கோட்டையின் சில வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் மின்சாரம் வழங்கினார்கள். அப்போது அது வெள்ளையர்களின் விடுதிகளுக்கும் கந்தோர்களுக்குமான ஆடம்பரம். மலையிலிருந்து விழும் நீரைக் கொண்டு நாடு முழுவதற்கும் வெளிச்சம் தரலாம் என்று சொன்னவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் தமது திட்டத்தை வாசித்தார். லக்சபானாவின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியதோ 1950 இல். முப்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து தமது கனவைக் கண்ணால் கண்ட அந்த மனிதர், அதன் பின் மூன்று ஆண்டுகளில் மறைந்தார். வடக்கில் 1958 இல் சுன்னாகம் மின்நிலையம் எண்ணெயில் இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் தெற்கிலிருந்து கோபுர வழியே மின்சாரம் வந்தபோது எங்கள் சனங்கள் அதற்கு 'லக்சபானா கறண்ட்' என்று பெயர் வைத்தார்கள். இன்றும் முதியவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்தபோது நான் சிறுவன். அதுவரை அரிக்கன் லாம்பும் கைவிளக்குமே. மாலையில் சிமிலியைச் சாம்பல் போட்டுத் துடைப்பது அக்காவின் வேலை. மின்சாரம் வந்தது என்பதற்காக ஐயா கையைத் தாராளமாக விடவில்லை. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரின் மேற்பகுதியில் ஓர் ஓட்டை இடித்து, அதற்குள் ஒரு நாற்பது வாற் குமிழைத் தொங்கவிட்டார். ஒரே குமிழ் இரண்டு அறைகளுக்கும் வெளிச்சம். ஒருவர் நித்திரைக்குப் போக விரும்பினால் மற்றவரும் போகத்தான் வேண்டும். நான் தலையணைக்குள் புத்தகத்தை மறைத்துவைத்துப் படுத்த இரவுகள் பல.

அந்தக் குமிழை அண்ணாந்து பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அது உண்மையில் எவ்வளவு ஊதாரியானது என்று எங்களுக்கு எவரும் சொல்லவில்லை. உள்ளே உள்ள ரங்ஸ்ரன் இழையை மின்சாரம் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறது. இழை வெந்து ஒளிர்கிறது. கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாகிறது. மிகுதியெல்லாம் வெப்பம். குளிர்நாட்டானுக்கு அந்த வெப்பமாவது பயன்படும். எங்கள் குசினியில் அது வியர்வையாக மட்டுமே வழிந்தது.

இந்தக் குமிழைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பாடசாலைப் பிள்ளையும் எடிசன் என்று சொல்லும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜோசப் சுவான் அதே காலத்தில் அதே வேலையைச் செய்து காட்டியிருந்தார் என்பதைப் பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்வதில்லை. 1879 இல் எடிசனின் கூடத்தில் எரிந்த இழை, கரியாக்கப்பட்ட பருத்தி நூல். அதன் பின் அவர் உலகெங்கும் ஆட்களை அனுப்பித் தேடி, யப்பானின் கியோத்தோ அருகே விளைந்த மூங்கிலைத் தேர்ந்தெடுத்தார். ஏறத்தாழப் பத்தாண்டு காலம் எடிசனின் குமிழ்களில் எரிந்தது யப்பானிய மூங்கில்தான். வெளிச்சம் யப்பானிலிருந்து உலகுக்கு இன்னொரு முறையும் வரவிருந்தது என்பதால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஒரு குமிழ் எவ்வளவு காலம் எரிய வேண்டும் என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஒரு செய்தியாளனுக்கு இதைவிடச் சுவையான கதை கிடைப்பது அரிது. 1924 இன் இறுதியில் ஜேர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ், பிரான்சின் விளக்கு நிறுவனம், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்குடன் தொடர்புடைய நிறுவனங்கள் ஆகியவை ஜெனீவாவில் கூடி 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டை அமைத்தன. ஃபீபஸ் என்பது கிரேக்கரின் ஒளிக் கடவுளுடைய பெயர். அக்காலத்தில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மணித்தியாலம் எரியும் குமிழ்கள் சந்தையில் இருந்தன. இனி ஆயிரம் மணித்தியாலத்துக்கு மேல் எரியக் கூடாது என்று கூட்டு முடிவெடுத்தது. உறுப்பு நிறுவனங்கள் தங்கள் குமிழ்களைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அவை அளவுக்கு மிஞ்சி எரிந்தால் அந்நிறுவனம் தண்டப்பணம் கட்ட வேண்டும். நன்றாக எரிந்ததற்குத் தண்டம்! இரண்டாம் உலகப் போர் வந்து இந்தக் கூட்டைக் குலைத்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. நீண்ட காலம் எரியும் குமிழ் மங்கலாக எரியும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரத்தையும் கூடுதலாக உண்ணும். ஆயிரம் மணித்தியாலம் என்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சமரசம் என்று 1951 இல் பிரித்தானியாவின் ஏகபோக ஆணைக்குழு கூறியது. பொறியியல் நியாயம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் நியாயமான அளவைக் காப்பாற்றத் தண்டப்பண அட்டவணை எதற்கு என்ற கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை.

ரியூப் லைற்றைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பணி பார்த்தவர்களின் முகங்கள் எல்லாம் ஒரே வெளிறிய நிறத்தில் தெரிந்ததற்கு அதுவே காரணம். அதையே சுருட்டிச் சிறிதாக்கிய சி.எஃப்.எல். குமிழ் பின்னர் வந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தியது உண்மை. ஆனால் வயிற்றில் இரசத்தை வைத்துக்கொண்டு வந்த விருந்தாளி அது. உடைந்தால் எங்கே போடுவது என்று எவருக்கும் தெரியவில்லை.

இனி அந்த ஜாம் போத்தலுக்கு வருகிறேன்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய் தங்கத்தைப் போலாயிற்று. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஒரு காலத்தில் லக்சபானா வெளிச்சத்தில் பளபளத்த ஊர்கள் இருளில் கிடந்தன. அரிக்கன் லாம்பு ஓர் இரவில் குடிக்கும் எண்ணெயைக் கொடுக்க எவரிடமும் வசதியில்லை. அப்போதுதான் எங்கள் சனங்கள் ஜாம் போத்தல் விளக்கைக் கண்டுபிடித்தார்கள். எந்த ஊரில், எவர் முதலில் செய்தார் என்பதற்குப் பதிவில்லை.

வெறும் ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு. அந்தப் பஞ்சு ஊறும் அளவுக்குச் சில தேக்கரண்டி மண்ணெண்ணெய். கம்பியை வளைத்துச் செய்த ஒரு சிறு தாங்கியில் மெல்லிய நூல் திரி. போத்தலே சிமிலியாக நின்று சுடரைக் காற்றிலிருந்து காத்தது. கடுகளவு சுடர்தான். அதைச் சுற்றி நான்கு பிள்ளைகள் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்பார்கள். காலையில் மூக்குத் துவாரம் கறுத்திருக்கும். அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதி, இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இதை வாசிப்பவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் பத்திரிகையை நடத்தியதும் அப்படித்தான். அச்சு இயந்திரத்துக்கு மட்டும் ஜெனரேற்றர். எழுதுவது விளக்கில். செய்தி கேட்பதற்கு ஒரு பழைய சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தோம். பி.பி.சி. தமிழோசை தொடங்கும் நேரத்தில் சைக்கிள் சுற்றுவதற்கு ஒரு பையன் வருவான். சுற்று தளர்ந்தால் செய்தியும் தளரும். முக்கியமான செய்தி வரும்போதெல்லாம் அவனுக்குக் கை வலிக்கும் என்பது எங்கள் அலுவலக வேடிக்கை.

அந்தப் பையன் ஒருநாள் உடைந்த ஒலிப்பதிவுக் கருவி ஒன்றிலிருந்து சிறிய சிவப்பு விளக்கொன்றைக் கழற்றி டைனமோவுடன் இணைத்தான். மெல்லச் சுற்றினாலே அது செக்கச்செவேலென்று எரிந்தது. "ஐயா, இது குமிழ் மாதிரி இல்லை, கொஞ்சக் கறண்டிலை எரியுது. இதிலை படிக்கலாமே?" என்றான். தாளைக் கிட்டே பிடித்துப் பார்த்தோம். எழுத்து தெரியவில்லை, சிவப்புதான் தெரிந்தது. "படிக்கேலாது" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன். அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அது ஓர் எல்.ஈ.டி. என்பதோ, எதிர்காலத்தில் எங்கள் வீட்டுக் குமிழ்களை எல்லாம் அதன் இனமே வீட்டைவிட்டு விரட்டும் என்பதோ எனக்குத் தெரியாது. சிவப்பு எல்.ஈ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹொலொனியாக் 1962 இலேயே செய்துவிட்டார். இதில் இழையும் இல்லை, சூடேற்றி ஒளிர வைப்பதும் இல்லை. குறைகடத்திப் பளிங்கின் இரண்டு அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் இலத்திரன்கள் தமது சக்தியை நேரடியாக ஒளியாக உதிர்க்கின்றன. சிவப்பு வந்தது, பச்சை வந்தது. வெள்ளை வெளிச்சத்துக்கு நீலம் வேண்டும். அந்த நீலம் மட்டும் முப்பது ஆண்டுகளாக எவருக்கும் அகப்படவில்லை. அதற்குத் தேவையான கலியம் நைத்திரைட்டு என்ற பொருளை நல்ல பளிங்காக வளர்க்க முடியாது என்று கருதிப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டன.

கைவிடாதவர்கள் யப்பானில் இருந்தார்கள். நகோயாவில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் 1980களில் அந்தப் பளிங்கை வளர்த்துக் காட்டினார்கள். சிக்கோக்குத் தீவின் தொக்குஷிமா மாவட்டத்தில், ஒளிரும் பொடிகளைத் தயாரித்து வந்த நிச்சியா என்ற நிறுவனத்தில் சுஜி நகமுரா என்ற பொறியியலாளர் தனியாகப் போராடினார். 1993 நவம்பரில் பிரகாசமான நீல எல்.ஈ.டி. உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நீல ஒளியின் மேல் மஞ்சளாக ஒளிரும் பொடியைப் பூசினால் கண்ணுக்கு வெள்ளை. சில ஆண்டுகளில் அதுவும் வந்தது.

1993 நவம்பரில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஜாம் போத்தலுக்குப் பஞ்சு தேடிக்கொண்டிருந்தோம்.

நகமுராவின் கதை அத்தோடு முடியவில்லை. அந்தக் கண்டுபிடிப்புக்காக நிறுவனம் அவருக்குக் கொடுத்த வெகுமதி 20,000 யென். சில நூறு டொலருக்குள் அடங்கும் தொகை அது. அவர் அமெரிக்கா சென்று, பின் வழக்குத் தொடுத்தார். 2004 இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கத் தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டில் 2005 இல் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இணக்கம் காணப்பட்டது. 2014 இல் மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இருளின் விலை எண்ணெயின் விலை மட்டுமல்ல என்பதை அக்காவின் இடது கை சொல்லும். 1993 இல் அக்கா வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஜாம் போத்தல் உடைந்துபோனதால், எரிந்துபோன பழைய மின்குமிழ் ஒன்றின் வயிற்றில் எண்ணெய் விட்டுத் திரி போட்டுச் செய்த விளக்கை ஒரு பிள்ளை கொண்டு வந்திருந்தது. அப்படியும் செய்தார்கள். மின்குமிழுக்கு அப்போது வேறு உபயோகம் இருக்கவில்லை. உருண்டை வயிறு, மேசையில் நிற்குமா? புரண்டது. பிள்ளையின் மேல் விழாமல் அக்கா கையால் ஏந்தினார். பிள்ளை தப்பியது. அக்காவின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்தது. வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாடு. காயம் ஆற மாதங்கள் ஆயின.

இது வடக்கின் துயரம் மட்டுமல்ல. மின்சாரம் எட்டாத சிங்களக் கிராமங்களிலும் மலையக லயங்களிலும் போத்தல் விளக்குகள் எத்தனையோ பேரைச் சுட்டன. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர தம்மிடம் வந்த தீக்காய நோயாளரைப் பார்த்துப் பொறுக்காமல், 1992 இல் ஒரு பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். குட்டையான, கனமான கண்ணாடி. புரண்டாலும் உருளாதபடி தட்டையான பக்கங்கள். எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. மார்மைற் போத்தலைப் பார்த்தே அந்த எண்ணம் அவருக்கு வந்தது. 'சுதீப' என்று பெயரிட்ட அந்த விளக்குக்காக 1998 இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்த நாட்டில் வெளிச்சத்தின் வரலாற்றை எவராவது எழுதினால், விமலசுரேந்திரவுக்குப் பக்கத்தில் இந்த வைத்தியருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

உலகம் பழைய குமிழைக் கைவிட்ட வேகம் வியப்பானது. கியூபா 2005 இல் தொடங்கி, இளைஞர்களை வீடு வீடாக அனுப்பி, பழைய குமிழைக் கழற்றிப் புதியதை இலவசமாக மாட்டியது. 2007 இல் அவுஸ்திரேலியா தடையை அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் நூறு வாற் குமிழில் தொடங்கி 2012 இல் சிறிய குமிழ்கள் வரை ஒவ்வொன்றாக நிறுத்தியது. இவையெல்லாம் பெரும்பாலும் சி.எஃப்.எல். காலத்து முடிவுகள். எல்.ஈ.டி.யின் விலையை ஏழைக்கு எட்டும்படி இறக்கியதில் இந்தியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2015 ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட குமிழ்கள் விநியோகிக்கப்பட்டன. மொத்தமாகக் கேள்விப்பத்திரம் கோரி வாங்கியதால், 2014 இல் 310 இந்திய ரூபாவாக இருந்த கொள்முதல் விலை 2016 இல் 38 ரூபாவாக இறங்கியது.

இலங்கையில் எங்களை மாற்றியது பெரும்பாலும் மின்பட்டியல்தான். அறுபது வாற் குமிழ் ஒன்று நாளுக்கு ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதத்துக்கு 9 அலகு. அதே வெளிச்சத்தை ஒன்பது வாற் எல்.ஈ.டி. 1.35 அலகில் தருகிறது. ஐந்து குமிழ் உள்ள வீட்டில் 45 அலகு ஏழுக்கும் கீழே வந்துவிடுகிறது. இங்கே கட்டணம் படிப்படியாக ஏறுவது என்பதால், முப்பது அலகுக்குக் கீழே நிற்பதும் மேலே போவதும் ஓர் ஓய்வூதியருக்குப் பெரிய வித்தியாசம். 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டபோது, நியாயம் பேசிக்கொண்டிருந்தவர்களும் கடைக்குப் போனார்கள்.

எல்.ஈ.டி.யைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லாமல் இல்லை. பெட்டியில் இருபத்தைந்தாயிரம் மணித்தியாலம் என்று அச்சிட்டிருந்த குமிழ்களில் இரண்டு ஓர் ஆண்டுக்குள் எங்கள் வீட்டில் கண்ணை மூடின. பளிங்கு சாவதில்லை; அதற்கு மின்சாரத்தைப் பதப்படுத்திக் கொடுக்கும் மலிவான சுற்றுத்தான் சூட்டிலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் முதலில் சாகிறது. ஓர் உறுப்புப் பழுதானால் முழுக்குமிழையும் எறிய வேண்டும். ஃபீபஸ் கூட்டின் ஆவி இன்னும் எங்கோ உலாவுகிறதோ என்று அப்போது தோன்றியது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, அக்கா அலுமாரியிலிருந்து அந்த ஜாம் போத்தலை எடுத்தார். பஞ்சும் நூலும் இருந்தன, மண்ணெண்ணெய் இல்லை. அதற்கும் வரிசை. அந்த ஆண்டு ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் போயிற்று. அன்றிரவு வெளிச்சம் தந்தது, மின்சாரம் நின்றாலும் தானே சில மணித்தியாலம் எரியும் ஓர் எல்.ஈ.டி. குமிழ். கனடாவிலிருந்து ஒருவர் பணம் அனுப்பி, அயல் கடையில் சொல்லி வாங்கிக் கொடுக்கச் செய்திருந்தார். அன்று மேசைக்கு மறுபக்கம் இருந்து தப்பிய பிள்ளைதான் அவர். இப்போது அவருக்கே பிள்ளைகள் உண்டு.

குசினியில் புதுக்குமிழை மாட்டிய அன்றிரவு, அக்காவிடம் "வெளிச்சம் கண்ணுக்குக் குத்துதோ?" என்று கேட்டேன்.

"குத்தேல்லை. ஆனா தம்பி, என்ரை கையைப் பார். பழைய லைற்றிலை இந்தத் தழும்பு இவ்வளவு பெரிசாத் தெரியேல்லை."

பிறகு அரிசியைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்கத் தொடங்கினார். கண்ணாடி போடவில்லை.